நாகலெட்சுமி பிரித்து வைத்த நட்சத்திர மீன்கள்

கடலையே கண்டிராத நாகலெட்சுமியின் மேசைக்குக் கடல் ரயில் ஏறி வந்தது. 2003ஆம் ஆண்டு, இலங்கையில் போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். நெடுந்தீவுக்கும் அப்பால், ஆள் குடியில்லாத மணல் திட்டுகளைச் சுற்றிப் பொறுக்கிய சிற்றுயிர்களைக் கெடாதபடி மதுசாரம் ஊற்றிய போத்தல்களில் அடைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்து ஆய்வாளர் சிவகௌரி மலைநாட்டுத் தலவாக்கலையில் வந்திறங்கினார். அங்கே ஒரு தேயிலை ஆய்வுகூடத்தில் மரபணுவைப் பெருக்கும் இயந்திரம் இருந்தது. அதில் சில நாள் வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தார்.

அந்த ஆய்வுகூடத்தின் உதவியாளர்தான் நாகலெட்சுமி. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தினமும் வருவார். வயது முப்பத்தெட்டு. அதற்குமுன் பதினோரு வருஷம் தொழிற்சாலையில் தேயிலைத் தூளிலிருந்து காம்பு பொறுக்கியவர். அவர் கண்ணுக்கு ஒரு காம்பும் தப்பியதில்லை.

போத்தல்களில் இருந்தவை நட்சத்திர மீன்களுக்கு நெருங்கிய உறவுக்கார உயிர்கள். நகமளவு உடல், நூல்போல ஐந்து கைகள். அதிகம் பேர் அவற்றைத் தேடிப் படித்ததில்லை. புத்தகத்தில் அவை ஒரே வகை. சிவகௌரியும் அப்படியே எழுதி ஒட்டியிருந்தார். ஆனால் மதுசாரம் மாற்றக் கொடுத்தபோது நாகலெட்சுமி அவற்றை இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்திருந்தார்.

“ஏனக்கா பிரிச்சனீங்கள்?”

“இது வேற, அது வேறங்க மிஸ். இதுக்குக் கையோரத்து முள்ளு படுத்திருக்கு. அதுக்கு நிமிந்து நிக்குது.”

“மதுசாரத்தில ஊறினால் முள்ளு அங்க இங்க திரும்பும்.”

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரியா திரும்பும்?”

சிவகௌரி சிரித்துவிட்டார். “சரி, மரபணு சொல்லட்டும். ரெண்டு வகை எண்டால், அடுத்தமுறை தீவுக்குப் போகேக்க உங்களையும் கூட்டிக்கொண்டு போறன்.”

அன்று முதல் நாகலெட்சுமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் கணவர் சின்னராசா கேட்டார்: “கடலுக்குப் போயி என்னா பண்ணுவ?”

“பாப்பேன்.”

“பாத்துட்டு?”

“இன்னும் கொஞ்சம் பாப்பேன்.”

ஆறு உயிர்களிலிருந்து கைநுனியை வெட்டியெடுத்தவர் நாகலெட்சுமி. இயந்திரத்தில் பெருக்கிய மரபணு, வரிசையைப் படிக்க வெளிநாட்டுக்குப் போனது. ஆறு வாரம் கழித்து, முடிவைக் கையில் பிடித்தபடி சிவகௌரி மறுபடி வந்தார்.

“ஆறும் மனிசர்,” என்றார்.

ஆய்வுகூடத்து வாகன ஓட்டி சிவசாமிக்கு வேறென்ன வேண்டும்? “என்னா லெச்சுமி, நம்ம ஆளுங்கதான் கடலுக்குள்ள கைய விரிச்சுக்கிட்டுக் கெடக்குறாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. கடல் கைவிட்டுப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

“அண்டைக்குச் செய்தமாதிரி ஒருக்கால் செய்து காட்டுங்கோ,” என்றார் சிவகௌரி.

நாகலெட்சுமி கையுறை போட்டார். மாஸ்க் கட்டினார். உயிரை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். பிறகு மாஸ்கைத் தாடைக்கு இறக்கி, அந்த உயிரின் மேல் வாயால் மெல்ல ஊதினார்.

தொழிற்சாலைப் பழக்கம் அது. மேலே கிடக்கும் பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளினால்தான் காம்பு தெரியும். இங்கே வந்தபிறகு தேயிலைக் கொழுந்தையும் அப்படித்தான் ஊதினார். யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் இலையின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு ஊதும்போது தெறிக்கும் எச்சில் புலப்படாது. விலங்கைத் தேடும் சோதனைக்கோ மனிதரும் ஒரு விலங்குதான்.

“ஐயோ அக்கா, ஆறும் நீங்கள்தான்,” என்று சொல்லிச் சொல்லிச் சிவகௌரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்போதுதான் நாகலெட்சுமிக்கும் சிரிப்பு வந்தது.

இயந்திரம் இன்னும் இரண்டு நாள்தான் கிடைக்கும். உயிர்களுக்கோ கைகள் மிச்சமிருந்தன. நாகலெட்சுமி மாஸ்கைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டிப்பார்த்த சிவசாமி, “மூச்சாவது விடு தாயி,” என்றார். அவர் அடுத்த உயிரைக் காகிதத்தில் வைத்தார். இம்முறை ஆறு அல்ல, போத்தல்களில் இருந்த இருபத்திரண்டு உயிர்களிலும் வெட்டினார்கள். போத்தல்களை அங்கேயே விட்டுவிட்டுச் சிவகௌரி ஊருக்குப் போனார்.

மாசி மாதம் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி வந்தது.

“அக்கா, ரெண்டு வகை இல்லை.”

நாகலெட்சுமி மேசையிலிருந்த போத்தல்களைத் திரும்பிப் பார்த்தார்.

“மூண்டு. நீங்கள் பிரிச்சது சரி. ஆனால் முள்ளு நிமிர்ந்ததுக்குள்ள இன்னொண்டு ஒளிச்சிருக்கு. நாலாம் போத்தல். சித்திரையில கடல் தணியும், வெளிக்கிட ஆயத்தமா இருங்கோ.”

“வாறேனுங்க மிஸ். நாலாவதா? சித்த லைன்ல இருங்க.”

சிவகௌரி காத்திருந்தார். போத்தல்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கடைசியில் தொலைபேசியை எடுத்தவர் சிவசாமி.

“மிஸ், அவ போத்தலத் தூக்கிக்கிட்டு ஜன்னலோரம் போயிட்டா. லென்ஸு கண்ணுல ஒட்டியிருக்கு. மூணாவத எப்படித் தவறவிட்டேன்னு அதுங்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கா. இப்போதைக்கு வரமாட்டா, நீங்க போனை வச்சிருங்க.”