சுவரோரம் வைத்த போன்

திருபுவனையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. விண்ணப்பம் கொடுத்து ஒன்றரை மாதமாகியும் தகவல் இல்லையே என்று கேட்கப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கூப்பிட்டார்களே என்றாள். என் செல்போன் கிடைக்கவில்லையாம். நான் எழுதிக் கொடுத்திருந்த இன்னொரு நம்பருக்கு அடித்தார்களாம். போனை எடுத்தவள், "அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா, இனிமே வேலைக்கெல்லாம் வரமாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். அந்த இடத்துக்கு வேறொருத்தியை எடுத்தாகிவிட்டது.

அந்த நம்பர் என் ஓரகத்தி வீட்டு நம்பர். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டு இருந்தோம். பிரித்தபோது மாடிப்படி அவர்கள் பங்குக்குப் போனது. செல்போனில் சிக்னல் கிடைப்பதோ மாடியில் மட்டும். அவர்கள் இன்டர்நெட்டோடு சேர்ந்து வரும் வீட்டு போன் வாங்கியிருந்தார்கள். அவசரமென்றால் அந்த நம்பரைக் கொடு என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளை நாலு கேள்வி கேட்கத்தான் நினைத்தேன். ஆனாலும் வீட்டுக்குப் போய் அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், இல்லையென்று சத்தியம் செய்வாள், கடைசியில் நான்தான் பொல்லாதவள் ஆவேன். எனக்கு முதலில் ஒரு போன் வேண்டியிருந்தது.

தனி இணைப்பு என்றதும் என் கணவர் தயங்கினார். அண்ணி என்ன நினைப்பார்களோ என்றார். நடந்ததைச் சொன்னேன். மறுநாளே இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கேபிள் இழுக்க வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். எங்களுக்கு அருகிலிருந்த கம்பத்திலிருந்து இழுத்தால் அவர்கள் மாடியைத் தாண்டித்தான் வரவேண்டும். மாடிமேல் எந்த ஒயரும் போகக் கூடாது என்று என் கணவரின் அண்ணன் வந்து நின்றார். கேபிள்காரர் சண்டை போடவில்லை. பின்பக்கத் தெருவுக்குப் போய், அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, அவருடைய தென்னை மரத்தில் கட்டி, எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டார். அதற்குள் மதியமாகிவிட்டது. அவருக்குச் சோறு போட்டேன்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்று கேட்டார். நடுச்சுவரைக் காட்டினேன்.

"அங்க வச்சா கடைசி ரூமுக்கு நெட்டு சரியா வராதும்மா."

வராவிட்டால் பரவாயில்லை என்றேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஓரகத்தி உட்கார்ந்து டிவி பார்க்கும் இடம். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜன்னலோரம் கேபிள் மடங்கியிருந்ததை நீவிவிட்டார், பச்சையானது. ரவுட்டரின் பின்னால் போனுக்கென்று இருந்த துளையில் போன் ஒயரைச் செருகி, ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. தெருமுனைக்குப் போய் ஆபீசுக்குப் பேசினார். நம்பரை அவர்கள் இன்னும் பதியவில்லையாம். பதிந்தபிறகு ரவுட்டரை அணைத்துப் போட்டார். இரண்டாம் முறை போட்டபோது ரிசீவரில் டயல் டோன் கேட்டது. கரண்ட் போனால் போனும் போய்விடும், ஒரு சின்ன பேட்டரி வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, மணிச் சத்தம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ வைங்க."

அவர் கிளம்பியதும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தவளக்குப்பத்தில் இருக்கும் நாத்தனாருக்கு முதல் போன். புது நம்பரைச் சொன்னேன். ஏன் புது நம்பர் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கம்பெனிப் பெண் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். அடுத்து சுத்துக்கேணியில் இருக்கும் பெரிய மாமனார் வீடு. அதற்கடுத்து ஓரகத்தியின் சொந்த அண்ணி. இரண்டு நாளில் பதினோரு வீடுகளுக்குப் பேசினேன். ஒவ்வொரு வீட்டிலும் அதே கதை, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றுபோனது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியத் தெரிய எனக்கு இனித்தது. இன்றைக்கும் அதை நினைத்து வெட்கப்படவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே, என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க என்னாண்ட கேட்டீங்களாக்கா?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமியார் பக்கம் தலையை அசைத்தாள். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக அவரை நான்தான் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ வேலைக்குப் போயிட்டா இவங்கள யாரு பாக்கறது? என் தலையிலதான வந்து விழும்?"

அப்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. பொறாமை என்று நினைத்திருந்தேன். இது பயம். பொறாமையாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. இரண்டு வருடம் நான் செய்ததை ஒரு நாள் செய்யப் பயந்து என் வேலையைக் கெடுத்தவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நேரில் வந்தாள். அண்ணன் தம்பி இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். நான் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் பகலில் அம்மாவைப் பெரிய மகன் வீட்டில் பார்க்க வேண்டும், சாயங்காலத்திலிருந்து நாங்கள் பார்க்க வேண்டும் என்று முடிவானது. பதினோரு வீடுகளுக்கு விஷயம் தெரிந்திருந்ததால் கணவரின் அண்ணனால் மறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை கட்டிலின் ஒரு பக்கத்தை நானே பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய் அவர்கள் கூடத்தில் போட்டேன். சாயங்காலமானால் அண்ணனும் தம்பியும் கட்டிலோடு எங்கள் பக்கம் தூக்கி வருவார்கள். எந்த வேளைக்கு எந்த மாத்திரை, எப்போது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஓரகத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள். மாமியார் மட்டும் நல்ல கையால் என் கையை அழுத்தினார்.

புது நம்பரைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மழைக்காலம் முடிந்தபிறகு ஒரு முற்பகலில் மணி அடித்தது. முன்பு கேட்ட வேலை இல்லை, அதைவிடச் சின்னது, பேக்கிங் பிரிவில். வருகிறேன் என்றேன்.

பொங்கலுக்கு வந்த உறவுக்காரர்கள் அவளோடு ராசியாகிவிடச் சொன்னார்கள். செய்தது தப்பு என்று அவள் வாயால் சொல்லட்டும் என்றேன். இதுவரை சொல்லவில்லை. நானும் அவளோடு பேசவில்லை. காலையில் நான் கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது மாமியாரின் துணிகளை வாசலில் உலர்த்திக்கொண்டிருப்பாள். நான் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போவேன்.