மூன்றாவது வேட்டு

பந்தியில் உட்காராமலே கல்யாண மண்டபத்தை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. கால் தானாக ஓரிக்கைச் சாலையைப் பிடித்திருந்தது. பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் பத்தாயிரம் வாலாவை ரோட்டில் நீளமாக விரித்துக் கொளுத்தியிருந்தார்கள். தெருநாய்கள் என்னை முந்திக்கொண்டு ஓடின. எண்பதை நெருங்கும் கிழவன் நாய்களோடு சேர்ந்து ஓடினால் நன்றாக இருக்காது என்று நான் நடந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சத்தம் கூடப் பரவாயில்லை. அந்தப் புகை இருக்கிறதே, அது மூக்கில் ஏறியதும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. இன்றைய பட்டாசுப் புகையில் காகிதம் கருகும் நாற்றம்தான் அதிகம். நான் பழகிய கருமருந்தின் வாசனை வேறு. வெடியுப்பு, கந்தகம், எருக்கங்கரி மூன்றையும் சேர்த்து அரைத்து வெயிலில் உலர்த்தியது. சோற்றைப் பிசையும்போதுகூட விரலில் அந்த வாசனை இருக்கும். கழுவினாலும் போகாது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அரக்கோணத்தில் மாவாட்டினேன், ராணிப்பேட்டையில் தோலுக்கு உப்பு தடவினேன், ஒரு லாரியில் கிளீனராகப் போய் ஓங்கோலில் இறங்கிக்கொண்டேன். ஓர் இடத்தில் மூன்று மாதம் இருந்தால் முதுகு அரிக்கும். சீனாச் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த ஓர் ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் காசிம் பாயிடம் வேட்டுக் குழாய் தூக்கும் வேலையில் இருந்தேன். பாய் சுற்றுவட்டக் கோயில்களுக்கெல்லாம் அதிர்வேட்டு போடுகிறவர். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. அந்தக் கையாலேயே திருநீறு தட்டை வாங்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார், ஒரு முகமும் சுளிக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சத்திரத்தில்தான் படுக்கை. அங்கே சாலமோனைப் பார்த்தேன். தென்னேரிக்காரன், பட்டாளத்தில் இருந்தவன். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவன். அந்தப் புழுக்கத்திலும் காக்கி ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டான். இடது காலில் இரண்டு விரல் சீனாச் சண்டையில் பனியில் போய்விட்டன. படுக்க மாட்டான், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவான்.

"எங்க போற?" என்று கேட்டேன்.

"நடந்துக்கினு இருக்கேன்."

"வூடு?"

"இருக்குது. அண்ணி பயப்படுது. தூக்கத்துல கத்தறனாம்."

அவ்வளவு போதும் எனக்கு. நடந்துகொண்டே இருப்பவன் என்றால் நம்ம ஜாதி என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலை டீ குடிக்க அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது, நெசவுத் தெரு ஒன்றில் பாவு விரித்திருந்தார்கள். தெரு நீளத்துக்கும் பட்டு நூல் விறைப்பாக நின்றது. சாலமோன் நின்றுவிட்டான். "இது இன்னா கம்பி?" என்று கேட்டான். நூல்பா, புடவைக்கு, என்றேன். அவன் அதைத் தாண்டவில்லை. தெருவையே சுற்றிக்கொண்டு வந்தான். நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னை நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

பாலாற்றங்கரையில் ஓர் ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் திருவிழா வந்தது. பாயின் உதவிக்காரனுக்குக் காய்ச்சல். நான்தான் சொன்னேன்: "மிலிட்டரி ஆளு ஒருத்தரு இருக்காரு பாய். சும்மாதான் இருக்காரு."

பாய் முகம் மலர்ந்துவிட்டது. "மிலிட்டரியா? அப்போ மருந்துக்கு நாம எதுவும் சொல்லித்தர வேணாம். கூட்டியா."

இந்தத் தப்பை அந்த ஊரில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். பட்டாளத்துக்காரன் என்றால் வெடிச்சத்தத்துக்குப் பயப்படாதவன். இரும்பு என்றால் கனக்கும் என்பதுபோல் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. சாலமோனும் மறுக்கவில்லை. இரண்டு நாளாக அவன் சாப்பிட்டது டீயும் பொறையும்தான்.

அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்ததும் முதல் வேட்டு. புறப்பட்டதும் இரண்டாவது. ஊர் எல்லைக்கு வந்ததும் மூன்றாவது. அந்த மூன்றாவது சத்தம் கேட்டால்தான் கரகம் எல்லைக்குள் கால் வைக்கும், கூழ் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்குவார்கள். தலையில் ஏற்றிய கரகத்தைக் கோயில் வருமட்டும் கீழே இறக்கக் கூடாது. அந்த வருஷம் கரகம் எடுத்தவர் முனுசாமி என்ற ஏர்க்காரர். ஒரு வாரம் விரதமிருந்து ஒடுங்கிப்போயிருந்தார்.

சாலமோன் குழாயில் மருந்து கொட்டி, செங்கல் தூள் போட்டு, கம்பியால் கிட்டித்த அழகைப் பார்க்க வேண்டும். ஒரு துளி சிந்தவில்லை. பாய் என்னைப் பார்த்து, "பாத்தியா, நீயும்தான் இருக்கியே," என்றார். நீண்ட கழியில் கட்டிய நெருப்புக் கயிற்றை நீட்டி, பாய் முதல் வேட்டைக் கொளுத்தினார். சாலமோன் வாயை அகலத் திறந்துகொண்டு நின்றான். சத்தம் அடங்கிய பிறகும் வாய் மூடவில்லை. முகம் முழுக்க வியர்வை.

"இன்னா மிலிட்டரி, ஒண்ணுக்கே உதறுதா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பம்பைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் கேட்டேன்.

இரண்டாவது வேட்டுக்குப் பிறகு அவன் ஆற்றுக்குள் இறங்கிப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன், வந்துவிட்டான். "எத்தினி இன்னும்?" என்றான். "ஒண்ணு," என்றேன். தலையாட்டினான்.

ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் மூன்றாவது குழாயை நட்டோம். குழாயில் இன்னும் மருந்து கொட்டவில்லை. மருந்து மூட்டை வாய் திறந்தபடி சாலமோனின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கூட்டம் நெருக்கியது. தள்ளி நிற்கச் சொல்ல வந்த போலீஸ்காரர் ஒருவர், நாலு பேரை அதட்டிவிட்டு, மூட்டைக்கு இரண்டு முழ தூரத்தில் நின்று சட்டைப்பையிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்தார். நான் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். போலீஸ்காரரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினேன். அவர் தீக்குச்சியைக் கிழித்தார்.

சாலமோன் பாய்ந்த வேகத்தில் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. போலீஸ்காரர் தரையில் கிடந்தார், தொப்பி ஒரு பக்கம், தீக்குச்சி மண்ணுக்குள். அவன் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடினான். இரண்டு விரல் இல்லாத காலோடு அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கூட்டம் பார்த்தது இவ்வளவுதான்: ஒரு பைத்தியக்காரன் போலீஸை அடித்துப்போட்டு, வெடிமருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அது வாய்க்கு வாய் மாறிக் கோயிலுக்குப் போவதற்குள் அவன் கையில் குண்டு வந்துவிட்டது. கழியும் கடப்பாரையுமாக இருபது பேர் கரையில் திரண்டார்கள். கிட்டே போகத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. எல்லையில் முனுசாமி கரகத்தோடு நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறியது. அவர் மனைவி முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எவன்டா அவனக் கூட்டியாந்தது?" என்று மணியக்காரர் பாயைப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரர் முட்டி சிராய்ப்பைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "நீ அவன் கூட இருந்தவன்தான? போய்ப் பேசு. வரலன்னா நாங்க வர மாதிரி வருவோம்னு சொல்லு."

கையைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினேன். வெறும் காலில் ஆடி மாத மணல் எப்படிச் சுடும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அது அன்று உறைக்கவில்லை. நடு ஆற்றில், பெண்கள் குடத்துக்குத் தோண்டிய ஊற்றுக் குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் சாலமோன் உட்கார்ந்திருந்தான். மூட்டையைத் தண்ணீருக்கடியில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். தண்ணீர் கறுத்துப் போயிருந்தது.

"யாருக்காவது அடியா?" என்று கேட்டான்.

"இல்லபா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அந்தப் போலீஸு?"

"முட்டி சிராய்ச்சிருக்குது."

மூட்டையை விடவில்லை. மேலே வா என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எனக்குக் கழுதை ஓட்டற வேலை. பெரிய கழுதை, மலை மேல குண்டு சொமக்கறது. மேலேர்ந்து சுட ஆரம்பிச்சாங்க. கயித்த வுட்டுட்டு நம்ம ஆளுங்க படுத்திருந்த பள்ளத்துக்கு ஓடினேன். அது என்கூடவே பழகினது. என் பின்னாலயே ஓடி வந்துச்சு. முதுகுல குண்டோட பள்ளத்துக்குள்ள வந்து நின்னுச்சு."

மூட்டையை இன்னும் ஆழமாக அழுத்தினான்.

"இந்த வாட்டி வுடல," என்றான்.

"வுடல. சரியாத்தான் செஞ்ச. வா."

"அடிப்பாங்க."

"அடிக்க மாட்டாங்க. நான் இருக்கேன்."

"பீடி பத்த வெச்சாரு. நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"அத சொல்லு அவங்ககிட்ட. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"சொல்றேன் வா."

ஒவ்வொரு விரலாக மூட்டையை விட்டான். எழுந்து என் பின்னால் வந்தான். கரை வரைக்கும் இருநூறு அடி இருக்கும். அவ்வளவு தூரமும் நான் வாய்க்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூட்டைகிட்ட பீடி பத்த வெச்சாரு, அதுக்குத்தான் தள்ளினான். எளிமையான வாக்கியம். எட்டாவதைப் பாதியில் விட்டவன்கூடச் சொல்லிவிடலாம்.

கரையேறியதும் போலீஸ்காரர் அவன் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். சாலமோன் குதிகாலைச் சேர்த்து, கையை இறக்கி, நேராக நின்றான். அணிவகுப்பில் நிற்பதுபோல. ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். சட்டைப்பையில் பீடிக்கட்டு தெரிந்தது.

"நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன். எதுக்கு இவன் என்ன அடிச்சான்? பாத்த இல்ல நீ?"

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். சாலமோன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், என்னையல்ல.

"நான் குழாயப் பாத்துக்கினு இருந்தேன் சார்," என்றேன்.

"உன் ஆளா இவன்?"

"சத்திரத்துல பாத்ததுதான் சார்."

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு முன்னால் வந்து, "என் ஆளுதான் சார். நான்தான் கூட்டியாந்தேன். மருந்து என்னுது, நனைஞ்சதும் என்னுது," என்றார். "மூட்டகிட்ட நெருப்பு வந்தா நானும் புடிச்சுத் தள்ளியிருப்பேன் சார். இந்த ரெண்டு வெரலு அப்படிப் போனதுதான்." பீடியை அவர் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குனிந்து திரியை வெட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் ஞாபகம். பார்க்காமலே சொன்னார். பார்த்தவன் சும்மா நின்றேன்.

போலீஸ்காரர் சாலமோனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். மூன்று பேருமாக ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். சாலமோன் நடுவில். பாய் அவன் ஸ்வெட்டர் முனையைப் பிடித்துக்கொண்டு போனார்.

எல்லையில் முனுசாமியின் மனைவி கத்திவிட்டாளாம். "சத்தம் கேட்டுத்தான் அம்மா வருவாளா? காது செவிடா அவளுக்கு? வழிய வுடுங்க." மணியக்காரர் வழிவிட்டார். மூன்றாவது வேட்டு இல்லாமலே கரகம் ஊருக்குள் போனது. பம்பைச் சத்தம் கரை வரைக்கும் வந்தது. நான் கூழ் குடிக்கப் போகவில்லை. சத்திரத்துக்கும் போகவில்லை. ஆற்றோடு கிழக்கே நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும், திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, என்று தோன்றும். அடுத்த திருப்பம்வரை நடப்பேன்.

சாலமோனுக்கு என்ன ஆனது என்று தெரியாது. பல வருஷம் கழித்துத் தென்னேரியில் விசாரித்தேன். அண்ணன் குடும்பம் மெட்ராஸ் பக்கம் போய்விட்டது என்றார்கள். காசிம் பாயின் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. பாலாற்றில் அந்த மாதிரி ஊற்றுத் தோண்ட மணல் இல்லை, லாரி லாரியாய்ப் போய்விட்டது. களிமண்ணும் முள்ளும்தான். அதிர்வேட்டுக்கு இப்போது அனுமதி கிடையாது. மூன்றாவது வேட்டுக்காக அந்த ஊர் காத்து நின்றது என்று சொன்னால், அந்த ஊர்ப் பிள்ளைகளே நம்புவதில்லை.

திருமுக்கூடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்குன்று இருந்தது. அதுவும் இல்லை. குடைந்து குடைந்து பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளமாகிவிட்டது. அந்தத் திருவிழாவுக்கு மறுநாள் காலை நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது அது ஆறு பனை உயரம் நின்றது. பாறைக்கு வெடி வைக்கும் இடம். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்து, "வெடிச் சத்தம் பழக்கமா?" என்றார். பழக்கம் என்றேன். "பாறை ஒடைக்க ஆளு இருக்குது. ரோட்டுல நிக்கத்தான் எவனும் வர மாட்டேங்கறான். கூலி கம்மி." அதையே கொடுங்க என்றேன். கையில் சிவப்புத் துணி ஒன்றைத் திணித்தார். வெடி வைக்குமுன் ரோட்டில் நின்று, வருகிறவர் யாராக இருந்தாலும், வண்டிக்காரரோ கலெக்டரோ, நிறுத்தி, "நில்லுங்க, போவாதீங்க," என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. ஒன்பது வருஷம் செய்தேன்.