கடைசி சிலிண்டர்

காசு கொடுத்து மூச்சு விட வருகிற இடம் அது. ஒரு சுற்று நடந்தால் செருப்பு தேய்வதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடக்கூடிய தீவு. ஓலை வேய்ந்த சில அறைகள், ஒரு சமையற்கட்டு, ஒரு படகுத்துறை, அவ்வளவுதான். கடலுக்கடியில் மீன் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். குளியலறைக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தால் முகம் சுளிப்பார்கள். அப்புறம் அதே உப்புக்குள் நாள் முழுக்க முங்கிக் கிடப்பார்கள்.

அவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் சிலிண்டர்களுக்குக் காற்று அடைப்பவரைத் தீவில் எல்லோரும் காத்துக்காரர் என்றார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்து போயிருக்கும். "வெறும் காத்துக்குச் சம்பளம் வாங்குறது உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அது பழைய கதை. இப்போது சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

காற்றடைக்கும் கொட்டகையை ஜெனரேட்டர் கொட்டகையோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். முதலாளியின் மூளை அது, ஒயர் மிச்சமாம். காற்றை உறிஞ்சும் குழாயை ஒரு கம்பத்தில் ஏற்றி, உச்சியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார் காத்துக்காரர். துணி பறக்கும் திசையைப் பார்த்துக் குழாயின் வாயைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் டீசல் புகை சிலிண்டருக்குள் போய்விடும். கரையில் தலைவலியோடு விடுகிற புகை, ஆழத்தில் ஆளையே முடித்துவிடும். அதனால் மெஷின் ஓடும்வரை அவர் கண் துணியிலேயே இருக்கும். டீயைக்கூட அண்ணாந்து பார்த்தபடியேதான் குடிப்பார். "மேல இருந்து யாராவது வர்றாங்களாண்ணே?" என்று சமையல்காரர் சீண்டுவார்.

மனைவி போன பிறகு ஒரே மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். அவளும் அங்கேயே அறைகளைக் கூட்டி, படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டியை அவளே விரும்பினாள், அவர் கட்டிவைத்தார். மருமகன் என்றாலும் மகன் இல்லாத குறை தீர்ந்தது என்றுதான் நினைத்தார், சொன்னதில்லை. சொல்வதற்குப் பதிலாக, தினமும் மருமகனுடைய சிலிண்டரைக் கடைசியாக அடைத்தார். அவசரமாக அடைத்தால் சிலிண்டர் சூடேறும், ஆறியதும் காற்று குறைந்து நிற்கும். கடைசி என்றால் யாரும் விரட்ட மாட்டார்கள். மெல்ல மெல்ல, கழுத்துவரை நிறைத்துக் கொடுக்கலாம். மாமனார் வீட்டுச் சாப்பாட்டைப் போல.

மருமகனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. படகு ஏறும்முன் விருந்தாளிகளின் சிலிண்டர் ஒவ்வொன்றின் வால்வையும் லேசாகத் திறந்து மோந்து பார்ப்பான். தன்னுடையதை மட்டும் பார்க்க மாட்டான்.

"அதையும் பாருப்பா," என்று ஒருமுறை சொன்னார்.

"அவங்களுக்குப் பாக்குறது முறை மாமா. உங்க கையால எனக்குன்னு அடைச்சதை மோந்து பாத்தேன்னா, அப்புறம் என்ன மாமன் மருமகன்?"

அன்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தார் மனுஷன்.

காற்றுப் பருவம் மாறுகிற சமயம். கடைசி சிலிண்டரை மாட்டி, மெல்ல அடையவிட்டுக் கம்பத்தடியில் நின்றிருந்தார். முதலாளி கத்திக்கொண்டே வந்தார். ஓர் அறையில் குளித்துக்கொண்டிருந்த அம்மாள் தலையில் நுரையோடு நிற்கிறாளாம், குழாயில் தண்ணீர் வரவில்லையாம். "மெஷின் ஓடுது முதலாளி" என்றார். "ஓடட்டும், அதென்ன எங்கயாவது போயிடுமா?" என்றார் முதலாளி. தீவில் குழாய் ரிப்பேரும் காத்துக்காரர் தலையில்தான், ஓடிப்போய் அடைப்பை எடுத்துவிட்டு வந்தார். வந்து அண்ணாந்து பார்த்தால், துணி மறுபக்கம் பறக்கிறது.

உடனே கம்பத்துக் குழாயைத் திருப்பினார். காற்று இப்போதுதான் திரும்பியிருக்கும், இந்த நொடிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முறைப்படி அந்தச் சிலிண்டரைக் காலி செய்து மறுபடி முதலிலிருந்து அடைக்க வேண்டும். படகில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. "மாமா, ஆச்சா?" என்று மருமகன் துறையிலிருந்து குரல் கொடுத்தான். ஆச்சு என்று தூக்கிக் கொடுத்தார். அவன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மோந்து பார்க்கவில்லை.

நல்லா நீந்திக்கொண்டிருந்தவர் அடியில் மணலில் களைத்தவர்போல உட்கார்ந்தார், பிறகு வாயிலிருந்து குழாய் நழுவியது என்று விருந்தாளிகள் சொன்னார்கள். அவர்கள்தான் மேலே இழுத்து வந்தார்கள். உதடு மட்டும் உயிரோடு இருந்தபோது இல்லாத சிவப்பில் இருந்தது. கரை ஆஸ்பத்திரி டாக்டர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இதயம் நின்றிருக்கிறது என்றார். யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை.

காத்துக்காரர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, படகில் திரும்பி வந்த அந்தச் சிலிண்டரைத் திறந்து மூக்கை வைத்தார். மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், டீசல் வாடை. வால்வை முழுக்கத் திறந்துவிட்டார். மருமகன் மிச்சம் வைத்த காற்று சீறிக்கொண்டு வெளியேறி ஓயும்வரை, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

மகளிடம் சொல்லிவிடத்தான் நினைத்தார். அன்று அவள் மயங்கி மயங்கி விழுந்தாள், எப்படிச் சொல்வது? பிறகு அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது, இந்த நிலையில் எப்படிச் சொல்வது? நல்ல நேரம் பார்த்துப் பார்த்து மாதங்கள் ஓடிவிட்டன. உள்ளபடி சொன்னால், பயம். அவளை விட்டால் அவருக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

வயிறு பெரிதாக ஆக, மகளின் பேச்சு மாறியது. முதலில் அழுதவள், பிறகு செத்தவனைத் திட்ட ஆரம்பித்தாள். சோறு போடும்போது திட்டினாள், விரிப்பு மடிக்கும்போது திட்டினாள். அவர் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் மத்தியானம், கொடியில் விரிப்புகளை உலர்த்திக்கொண்டே சொன்னாள்.

"தெரிஞ்சே மறைச்சிருக்காருப்பா. இதயத்துல கோளாறை வச்சுக்கிட்டு என்னைக் கட்டியிருக்காரு."

"அப்படிச் சொல்லாதம்மா."

"பின்ன எப்படிச் சொல்றது? இந்தப் பிள்ளைக்கும் அதே இதயம்தானே இருக்கும்? துடிப்பு நல்லா இருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவருக்கும் நல்லாத்தான் துடிச்சுது. நான் காது வச்சுக் கேட்டிருக்கேன்." ஈர விரிப்பை உதறினாள். "காலைல அவரு சட்டையெல்லாம் எடுத்து அடுப்புல போட்டுட்டேன். ஒண்ணு விடல. பிள்ளைக்குக் காட்டுறதுக்கு அந்த ஆளோட பொருள் எதுவும் வேணாம்."

காத்துக்காரர் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. காத்துலதான் கோளாறு. நான் அடைச்ச காத்து."

எல்லாவற்றையும் சொன்னார். குளியலறைக் குழாய், திரும்பிய துணி, துறையிலிருந்து வந்த குரல், ஆச்சு என்று தான் சொன்னது. அவள் விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். முகம் தெரியவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

விரிப்பை விலக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"காத்து திரும்புனது உங்க கையில இல்ல. அவசரத்துல கொடுத்துட்டீங்க. அதைக்கூட என்னைக்காவது ஒரு நாள் நான்..." முடிக்கவில்லை. "ஆனா நான் அவரைத் தினம் தினம் திட்டினேனேப்பா. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்களே."



சாயங்காலம் முதலாளியிடமும் போய்ச் சொன்னார். போலீஸைக் கூப்பிடுவார், குறைந்தபட்சம் வேலையை விட்டாவது துரத்துவார் என்று எதிர்பார்த்தார். முதலாளி வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. வெளிய தெரிஞ்சா எவன் வருவான் இங்க? காலைல எல்லா சிலிண்டரும் ரெடியா இருக்கணும்" என்றார். தண்டனைகூடக் கிடைக்காத இடம் அது.

மறுநாள் காய்கறி கொண்டுவந்த படகு திரும்பும்போது மகள் அதில் கிளம்பினாள். மாமியார் வீட்டுக்குப் போகிறாளாம். "அவரைப் பெத்தவங்ககிட்ட நான்தான் போய்ச் சொல்லணும். உங்க பிள்ளை எதையும் மறைக்கலன்னு." எப்போது வருவாய் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து காலை டீ அவர்தான் போட்டுக் கொடுப்பார். அன்றும் போட்டார். இஞ்சி தட்டி, சர்க்கரை குறைத்து, ஆற்றி, துறைக்கு எடுத்துப் போனார். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை வாங்கினாள். குமட்டலெல்லாம் நின்று எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனாலும் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், ஒருமுறை இழுத்து மோந்து பார்த்தாள். பிறகுதான் வாயில் வைத்தாள்.

வேண்டுமென்றே செய்தாளா, தன்னையறியாமல் கை போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, படகு கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றார்.