திரையில் படிந்த கரி: தாவூது அண்ணன் நினைவாக

ஜவுளி மூட்டையோடு எங்கள் தெருவுக்கு வருகிற லப்பைக்குடிக்காட்டுக்காரர் அன்று மூட்டையை அவிழ்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, "டூரிங் கொட்டகையில மிஷின் ஓட்டுன எங்க ஊரு தாவூது பாய் மவுத்தாயிட்டாருங்க. வெள்ளிக்கிழமை அடக்கம் ஆயிட்டுது" என்றார். நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

அரியலூர்க் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "ஒரு சாய்பு செத்ததுக்கு நீங்க ஏன் அண்ணி பேனாவை எடுக்குறீங்க?" என்று என் கொழுந்தனார் கேட்டார். அவரும் படிக்கட்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், திருப்புகழை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றவள் நான். கற்ற எழுத்தை இதற்கு எடுக்காமல் வேறு எதற்கு எடுப்பது?

யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர் தாவூது அண்ணன். அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் மிஷின் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் கொட்டகை போட்ட முதலாளி அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். மிஷின் புதிது, திரையும் புதிது. முதல் நாள் போட்டது முருகன் படம். முருகன் மயிலோடு வந்து நின்றபோது அந்த முகம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தட்டும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு போனோம். திரைக்கு அடியில் இருந்த பலகையில் தட்டுகளை வரிசையாக வைப்போம். சாமி வரும்போதெல்லாம் ஏற்றுவோம்.

மூன்றாம் நாள் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இருந்தது. வைத்தது தாவூது அண்ணன். துணித்திரை தீப்பிடித்தால் அணைப்பதற்காக வைத்தார் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தீர்த்தம் என்று எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டோம். அதையும் அவர் மிஷின் அறைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மறுநாள் வாளிகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்.

ஏழெட்டு நாளில் படம் மங்க ஆரம்பித்தது. நாளுக்கு நாள் திரையின் நடுவில் ஓர் இருட்டு. சாமி முகம் சரியாக அந்த இடத்தில்தான் வரும். என் கொழுந்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சாமி வந்தா மட்டும் இருட்டுது பாத்தீங்களா? சாய்பு கையில மிஷின் இருந்தா வேற என்ன ஆவும்?"

தாவூது அண்ணன் சிரித்தார். "தம்பி, கதாநாயகி மொகமும் அதே எடத்துல மங்குது. அவளுக்காவ யாரும் சண்டைக்கு வரலையே!"

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் பேச்சு அடங்கவில்லை. கடைவீதி வரை போய், முதலாளி காதுக்கும் வந்தது. அவர் திருச்சியிலிருந்து வேறு ஆள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, "இன்னைக்கு ஆட்டத்தோட நீங்க கெளம்பிக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், திரைக்கு முன்னால் கோலம் போட மாவோடு போனேன். தட்டிகளை எல்லாம் சாத்திவிட்டு மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம் மட்டும்.

"என்னண்ணே, படம் இல்லாம ஓடுது?"

"படம் ஓடுனா கண்ணு கதைக்குப் போயிடும் தங்கச்சி. கோளாறுக்குப் போவாது."

லென்சைத் துடைத்தாகிவிட்டது, மிஷினுக்குள் வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சியை மாற்றியாகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு மிஷினைக் கையால் மெல்லத் திருப்பினார். வெளிச்சச் சதுரம் இடப்பக்கமாக நகர்ந்தது. நடுவில் இருந்த இருட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"மிஷின் கோளாறா இருந்தா வெளிச்சத்தோட சேந்து இதுவும் நவுந்திருக்கணும். நவுரலை பாரு."

நான் திரைக்குப் போய் விரலால் தொட்டேன். விரல் கறுத்தது. விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து மை எடுத்துப் பிள்ளைகளுக்கு இடுகிறவள் நான். எனக்குக் கரி தெரியாதா?

"அண்ணே, இது எங்க சூடம்."

"மூணு நாளாத் தெரியும். போறதுக்கு முந்தி மிஷின் மேல குத்தமில்லைன்னு ஒருவாட்டி பாத்துக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா எப்படி ஆவும்? சாமிக்குச் சூடம் ஏத்தாதேங்குறான் சாய்புன்னு ஆவும். வேலை போனாப் போவுது. அந்தப் பேச்சு இந்த ஊருல எழும்ப வேணாம்."

என் சாமி வந்து நிற்கிற திரைக்கு முன்னால் நின்று நான் அவ்வளவு வெட்கப்பட்டது அன்றுதான். கோலம் போடவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆட்டம் தொடங்கும் முன், கொட்டகை நிறைந்திருந்தபோது, பலகைமேல் ஏறினேன். "அண்ணி, எறங்குங்க! ஆம்பளைங்க எல்லாம் பாக்குறாங்க" என்று கொழுந்தனார் ஓடி வந்தார். "பாக்கத்தானே டிக்கெட் வாங்கியிருக்காங்க? பாக்கட்டும்" என்றேன். துணியால் திரையில் ஓர் இழுப்பு இழுத்தேன். துணி கறுத்தது, இழுத்த இடம் வெளுத்தது. துணியை விரித்துக் காட்டினேன்.

"சாமி மொகத்துல கரி பூசுனது நாந்தான். என் கையால ஏத்துன சூடம். நீங்க ஏத்துனதும் சேந்துதான். தாவூது அண்ணன் மேல பழி சொன்னவங்க இந்தத் துணியைத் தொட்டுப் பாருங்க."

யாரும் தொடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி, "அதெல்லாம் இருக்கட்டும்டி. நாளைக்குச் சூடம் ஏத்தலாமா, வேணாமா? அதைச் சொல்லு" என்றாள்.

மிஷின் அறைச் சன்னலிலிருந்து அவர் குரல் வந்தது. "தாராளமா ஏத்துங்கம்மா! வாசல்ல ஏத்துங்க. சாமி உள்ள வரும்போதே பாத்துக்கிட்டு வரட்டும்!"

கொட்டகையே சிரித்தது. முதலாளி மறுநாள் திரையை இறக்கித் துவைக்கப் போட்டார். திருச்சிக்காரர் வந்த வழியே திரும்பினார். அந்தக் கொட்டகையைப் பிரிக்கும் வரை தாவூது அண்ணன்தான் மிஷின் ஓட்டினார். கொழுந்தனார் மட்டும், நான் குடும்பத்தின் தலையைக் குனிய வைத்துவிட்டதாக இன்றும் சொல்கிறார். சொல்லட்டும். குனிய வேண்டிய தலைதான் அது. என் தலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, வேண்டாம் என்றவர்களிடம் சொல்லிவிட்டே கிளம்பி, பெரம்பலூரில் பஸ் மாறி லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி உள்ளறையில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் ஒரு படமும் பாத்ததில்லைம்மா. எங்க பக்கம் பொம்பளைங்க போறதில்லை. அவங்க நல்லா ஓட்டுவாங்களா?"

நான் சொன்னேன்: "என் சாமியோட மொகத்தை நான் தெளிவாப் பாத்ததே அவரு காட்டித்தான்."

தாவூது அண்ணன் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பதில் ஒன்றுதான். இதை என் பூஜை அறையிலும் சொல்வேன், கடைவீதியிலும் சொல்வேன். குரலைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன்.