அருளப்பு அப்போதிக்கரி திரும்ப எடுத்த சொல்

மன்னாரிலிருந்து மீன் ஏற்ற வந்த வண்டிக்காரர்தான் செய்தியைச் சொன்னார். "அப்போதிக்கரி ஐயா ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து படுத்தவராம். எழும்பேல்லை." உள்ளே மா இடித்துக்கொண்டிருந்த என் மனைவி சுலைஹா உலக்கையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். எந்த அப்போதிக்கரி என்று அவள் கேட்கவில்லை.

அரிப்பு ஊரிலிருந்து வடக்கே இந்தக் கரையில், அரசாங்க மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்த அருளப்பு ஐயாவிடம் மருந்து குடிக்காதவர்கள் குறைவு. அவருடைய சுருட்டு மணமும் முன்கோபமும் உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் மூத்தவள் பால்குடிக் குழந்தையாக இருந்த காலம். வேலி அடைக்கும்போது சுலைஹாவின் விரலில் பழைய முள் ஒன்று ஏறியது. முள்ளை எடுத்தும் புண் ஆறவில்லை. ஒரு மாதத்துக்குள் விரலிலிருந்து முழங்கை வரை கட்டிகள் வரிசையாக எழும்பி உடைந்தன. நாங்கள் மருந்துச்சாலைக்குப் போன அன்று அங்கே சனம் நிறைந்திருந்தது. அவர் தூர நின்று கையைப் பார்த்துவிட்டு, அங்கு நின்ற ஊர் அதிகாரி விதானையாரிடம், "குட்டமாக இருக்கலாம்" என்றார்.

அந்தச் சொல் எங்களுக்கு முன்னமே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மாமி, சுலைஹாவின் தாய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். கொழும்புப் பக்கத்துக் குட்டநோயாளர் விடுதிக்கு அனுப்பக் காகிதம் எழுதப்படுகிறது என்று விதானையார் சொல்லியனுப்பினார். சுலைஹா அழவில்லை. பால் கட்டிய நெஞ்சை அழுத்திப் பிடித்தபடி சுவரைப் பார்த்திருந்தாள்.

மூன்றாம் நாள் அருளப்பு ஐயா எங்கள் வேலிப் படலையில் நின்றார்.

"வாத்தியார், அவசரப்பட்டு வாயை விட்டிட்டன். கையைக் காட்டுங்கோ, தங்கச்சி."

அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு கட்டியின் மேலும் ஊசியால் தொட்டார்.

"நோகுது, ஐயா."

"இது?"

"அதுவும் நோகுது."

"நல்லா நோகட்டும்!" என்று அவர் சிரித்தார். "குட்டமெண்டால் மரத்துப் போயிருக்கும்."

அப்படியானால் இது என்ன என்று கேட்டேன். "தெரியாது. தெரியாத வருத்தத்துக்கு இனி நான் பேர் வைக்கமாட்டன்" என்றார்.

சீழைப் போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினார். விடுதிக்கு அனுப்பும் காகிதத்தில் கையெழுத்து வைக்காமல் நாட்களைக் கடத்தினார். கடைசியில் மறுமொழி வந்தது: மண்ணிலும் முள்ளிலும் இருக்கும் ஒரு பூஞ்சணம், கைக்குள் ஏறி வளர்ந்திருக்கிறது, குட்டம் அல்ல. அன்றைக்கே மாமி குழந்தையைக் கொண்டுவந்து சுலைஹாவின் மடியில் வைத்தார்.

மருந்து, அயோடின் சேர்ந்த ஓர் உப்பின் கரைசல். பாலில் சில துளிகளில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டவேண்டும். அவளுக்கு மூக்கு ஒழுகியது. வாயெல்லாம் செம்பைச் சப்பியதுபோல் இருந்தது. "இனி ஏலாது, ஐயா" என்றாள். "ஏலும். மேல் கட்டி வத்துது, பாருங்கோ" என்றார் அவர். இரண்டு மாதத்தில் தழும்புகள் மட்டும் மிஞ்சின.

ஊரின் பயம் அவ்வளவு விரைவில் ஆறவில்லை; தண்ணிக்குப் போகும் பெண்கள் அவளைக் கூப்பிடாமலே போனார்கள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, பள்ளிவாசல் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"வாத்தியாற்றை பெண்சாதிக்குக் குட்டமெண்டு சொன்னது நான். அது பிழை. பிழை என்னுடையது. இனி ஆராவது அப்பிடிச் சொன்னால், என்னட்டை வந்து கதைக்கச் சொல்லுங்கோ."

அரசாங்க உத்தியோகத்தர் அவர். வந்து சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.

அவருடைய படம் எங்களிடம் இல்லை. அந்த மத்தியான வெயிலில் வேர்வை வழிய அவர் நின்ற நிலையை நான் வைத்திருக்கிறேன். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு எங்கள் படலைக்கு வந்து, "சுலைஹா, தண்ணிக்குப் போறன், வாறியா?" என்று கூப்பிட்டதையும் வைத்திருக்கிறேன்.