அவித்த முட்டையும் டெல்மாவும்

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஷிப்ட் நோயாளிகளை டயாலிசிஸ் மிஷினில் இணைத்துக்கொண்டிருந்தபோது டெல்மாவின் கணவர் அந்தோணி அண்ணன் போன் செய்தார். கையுறை போட்டிருந்ததால் எடுக்கவில்லை. கடைசி நோயாளிக்கும் ஊசி ஏற்றி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, கை கழுவி வந்து கூப்பிட்டேன்.

"டெல்மா போயிட்டா, சாந்தி."

"எப்போ அண்ணே?"

"இப்பந்தான். நீங்க வேலைய முடிச்சிட்டு வந்தா மதி, அது போதும்."

வேலை முடிய நான்கு மணி நேரம் இருந்தது. கட்டிலில் கிடந்த எட்டுப் பேருக்கும் அவளைத் தெரியும். மிஷினில் இருக்கும்போது மனசு பதறினால் ரத்த அழுத்தம் தாறுமாறாகும். அதனால் ஒருவரிடமும் சொல்லாமல் வழக்கம்போல் நடமாடினேன். எல்லோரையும் மிஷினிலிருந்து கழற்றி, எடை பார்த்து, நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் சொன்னேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் டெல்மாவை அறிந்தவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது. இருபது வருஷம் அவள் என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவள் உணவு ஆலோசகர். கடற்கரைக்காரி. அப்பாவுக்கு வள்ளம் இருந்தது, அம்மா மீன் விற்றார். ஊரில் கல்லூரிக்குப் போய் உணவியல் படித்த முதல் பெண் தான்தான் என்று சொல்லிக்கொள்வாள். "சமையல் படிக்கதுக்கு எதுக்கு காலேஜுன்னு அம்மை கேட்டா பாத்துக்க" என்பாள். சேர்ந்தபோது அவளுக்குத் தனி அறை கிடையாது. ரத்தப் பரிசோதனை நடக்கும் வராந்தாவின் கடைசியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். அவள் குரலோ கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். வராந்தா முழுக்கக் கேட்கும்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. டயாலிசிஸ் அறைக்குள் சாப்பாடு கூடாது என்பது என் சட்டம். சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுப் பக்கம் போகும், அழுத்தம் இறங்கும், சிலர் வாந்தி எடுப்பார்கள். அதைச் சமாளிக்க வேண்டியது நான். ஒருநாள் டெல்மா ஒரு தூக்குவாளி நிறைய அவித்த முட்டையோடு வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள விடு. வெள்ளைக்கரு மட்டுந்தான்."

"கூடாது."

"இவிய வீட்டுக்குப் போய்த் தின்பாவன்னு நினைக்கியா? பஸ் ஏறி, வீடு சேந்து, களைச்சுப் போய்ப் படுத்திருவாவ. இங்க வச்சுத் தின்னா நாம கண்ணால பாக்கலாம்."

"பிரஷர் இறங்கினா நீ வந்து பாப்பியா?"

"பாப்பேன்."

டாக்டர் நடுவில் வந்து தீர்ப்புச் சொன்னார். அழுத்தம் நிலையாக இருப்பவர்களுக்கு மட்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள். முதல் வாரம் முழுக்க டெல்மா அந்த நேரத்தில் வந்து நின்றாள். இரண்டு முறை அழுத்தம் இறங்கியது. இரண்டு முறையும் கட்டிலின் கால்மாட்டை உயர்த்த அவள்தான் முதலில் கை கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் வாசலை மறிக்கவில்லை.

அந்த முட்டை ஏன் அவ்வளவு அவசியம் என்பதை நான் சரியாக உணர்ந்தது தாணு சார் விஷயத்தில். பூதப்பாண்டிக்காரர், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய காலத்தில் பருப்பு, பயறு எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி டெல்மா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் மனைவி செண்பகம் அக்கா அதைச் சட்டம் போட்டு அடுக்களையில் மாட்டாத குறையாகக் கடைப்பிடித்தார். பல வருஷம் கழித்து டயாலிசிஸ் தொடங்கியாயிற்று. வாரம் மூன்று முறை வந்தார். மாதத்துக்கு மாதம் எடை இறங்கியது. தொடையில் சதையே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சிறுநீரக நோய் என்றால் அப்படித்தான் என்று நானே நினைத்திருந்தேன்.

டெல்மா யாரிடமும் "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்க மாட்டாள். அப்படிக் கேட்டால் நாம் எதைக் கேட்க ஆசைப்படுகிறோமோ அதைத்தான் சொல்வார்கள் என்பாள். நேற்று காலையிலிருந்து வாய்க்குள் போனதை வரிசையாகச் சொல்லச் சொல்வாள். செண்பகம் அக்கா சொன்னார்: காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் ரசமும், ராத்திரி இரண்டு இட்லி.

"பருப்பு, மோரு ஒண்ணுமே இல்லியா?"

"நீங்கதானே வேண்டாம்னு சொன்னிய?"

"நாந்தான் சொன்னேன் அக்கா. அப்போ அது சரி. கெட்டுப்போன கிட்னிக்குப் பாரம் கொடுக்கப்பிடாதுன்னு சொன்னேன். இப்போ அந்த வேலைய மிஷின் பாக்குது. அது கழிவை எடுக்கும்போது கொஞ்சம் சத்தையும் சேத்து எடுத்துட்டுப் போவும். அதுக்கு மேல திங்கணும். இல்லன்னா உடம்பு அதுக்க சதையையே திங்கும்."

செண்பகம் அக்கா அழவில்லை. மிகவும் கோபப்பட்டார். மிஷினில் போட்ட அன்றே இதை ஏன் யாரும் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பருப்பை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது, அதில் இருக்கும் உப்புகள் வேறு தொந்தரவு செய்யும். முட்டை வெள்ளைக்கருதான் எளிய வழி. "எனக்க அடுக்களையில முட்டை ஏறாது" என்றார் அக்கா. "ஏறவேண்டாம். இங்க நான் தாறேன்" என்றாள் டெல்மா. தாணு சார் முதல் முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி விழுங்கினார். நான்கைந்து மாதத்தில் யாரும் பிடிக்காமல் தானாக எழுந்து நின்றார். அன்றிலிருந்து, டயாலிசிஸ் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே பழைய சீட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிது எழுதுவது எங்கள் பிரிவின் வழக்கமாயிற்று.

டெல்மாவைப் பாராட்ட வேண்டுமென்றால் இதோடு நிறுத்தலாம். ஆனால் அவளை அறிந்தவர்களுக்குக் கருங்கல் ஊர்க்காரர் ராஜமணி விஷயமும் தெரியும். அதை விட்டுவிட்டால் அவளே திட்டுவாள்.

ராஜமணி டைல்ஸ் கடை வைத்திருந்தார். சர்க்கரையால் சிறுநீரகம் பாதி பழுது. டயாலிசிஸ் வேண்டாத நிலை. சோதனைக்கு ரத்தம் கொடுக்க வராந்தாவில் காத்திருந்தபோது, டெல்மா வேறொரு நோயாளியிடம் பேசியது காதில் விழுந்திருக்கிறது. "கிட்னிக்காரங்க நல்லா மீன் திங்கணும், கோழி திங்கணும், முட்டை திங்கணும். பயந்து பட்டினி கிடந்தா ஆளு மெலிஞ்சு போவும்." அந்த நோயாளி டயாலிசிஸில் இருந்தவர். ராஜமணிக்கு அது தெரியாது. தனக்கும் கிட்னிதானே என்று நினைத்தார். டாக்டரிடம் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. தினமும் நான்கு முட்டை, மத்தியானம் கோழி, சாயங்காலம் கடையில் வாங்கிய புரோட்டீன் மாவு. மூன்று மாதம் கழித்து, குமட்டலும் முகவீக்கமுமாக அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று அவருக்கு முதல் டயாலிசிஸ் செய்தது நான்தான்.

எப்படியும் ஒருநாள் இங்கே வந்துசேர வேண்டியவர்தான், இன்னும் சில காலம் தள்ளியிருக்கலாம் என்றார் டாக்டர். டெல்மாவுக்குத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள அந்தச் 'சில காலம்' போதுமாயிருந்தது. வராந்தாவில் கேட்டதைத்தான் அவர் செய்தார் என்று ராஜமணியின் மனைவி எதேச்சையாக என்னிடம் சொன்னதை நான் அவளிடம் மறைக்கவில்லை. அவள் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கருங்கல் போறேன். கூட வாறியா?"

"என்னத்துக்கு? அவரே வாரம் மூணு தடவ இங்க வாறாரே."

"இங்க அவரு கட்டில்ல கிடப்பாரு, நான் நிப்பேன். அது வேண்டாம்."

போனோம். ராஜமணி வீட்டு முன்னறையில் உட்கார்ந்ததும், சாயா வருவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"நீங்க வராந்தாவில கேட்டது எனக்க பேச்சுதான். உங்களுக்குச் சொன்னதில்ல. ஆனா உங்களுக்குக் கேக்கும்படியா நான் பேசினேன். யாருக்கு, எந்த நிலையிலன்னு சேத்துச் சொல்லாம விட்டேன். அது எனக்க தப்பு."

ராஜமணி காலால் தரையைத் தேய்த்தார். அவரே பதித்த டைல்ஸ்.

"நான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "செரி, அது போட்டும். இனி நான் என்னத்தத் திங்க?"

டெல்மா அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"மிஷினுக்கு வந்தாச்சு. இப்போ அந்த முட்டைய நீங்க திங்கணும்."

ராஜமணி முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் சிரித்தார், அடக்க முடியாத சிரிப்பு. அவர் மனைவி சாயாத் தட்டோடு வாசலில் நின்றவர், அதை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. டெல்மா எழுந்து போய் அந்தப் பெண்ணோடு அடுக்களையில் அரை மணி நேரம் இருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் அவள் நிர்வாகியிடம் போய்க் கதவுள்ள அறை கேட்டாள். கிடைக்கும்வரை மேசையில் உட்கார மாட்டேன் என்று வார்டு வார்டாக நடந்தே வேலை பார்த்தாள். ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுத்தார்கள். ஜிம்முக்குப் போகும் பையன்கள், பேறுகாலம் கழிந்த பெண்கள், தீக்காயம் பட்டவர்கள், காசநோய்க்காரர்கள் என்று யார் வந்து 'புரோட்டீன் கூட்டலாமா' என்று கேட்டாலும், கதவைச் சாத்திவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் வாயைத் திறப்பாள். சிலருக்கு நிறைய எழுதிக் கொடுப்பாள். சிலரிடம், "உங்களுக்கு இப்போ திங்குகதே மதி. டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருங்க" என்பாள்.

போன வருஷம் அவளுக்கே இரைப்பையில் புற்றுநோய் வந்தது. திருவனந்தபுரத்தில் சிகிச்சை. மருந்து ஏற்றும் காலத்தில் சதை கரையாமல் இருக்கப் புரதம் கூடுதலாக வேண்டும் என்று தனக்குத் தானே சீட்டு எழுதிக்கொண்டாள். கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் வாசம் பிடிக்காமல் போயிற்று. சாளைக் குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அதனால் சிறுபயறு, தயிர், முட்டை என்று மாற்றி மாற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். அந்தச் சீட்டுப்படியே நடந்தாள். மருந்தை முழுக்கத் தாங்கினாள். ஆனாலும் நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது.

இனி மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பிய பிறகு ஒரு மத்தியானம் போயிருந்தேன். அவள் கணவர் அந்தோணி அண்ணன் பல வருஷம் கல்ஃபில் கிரேன் ஓட்டியவர். அவர் ஒரு கையில் அவள் எழுதிய சீட்டு, மறு கையில் மசித்த முட்டை. அவள் வாயை இறுக்கி மூடியிருந்தாள். அவர் வெளியே போனதும் என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, நீ சொல்லு அவருட்ட. நான் சொன்னா கேக்க மாட்டாரு. அந்தச் சீட்டு மருந்து ஏத்துகவங்களுக்கு. இப்போ எனக்கு அது வேண்டாம். உடம்பு எடுக்காது. எனக்குக் கொஞ்சம் கட்டன் சாயா மதி, பாலில்லாம, இனிப்புப் போட்டு."

நான் அவரைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். நோயாளிகளின் உறவினர்களிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். 'சாப்பிட வையுங்கள்' என்று சொல்லித்தான் பழக்கம். 'விட்டுவிடுங்கள்' என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன்.

"அப்போ நான் சும்மா பாத்துட்டு இருக்கணுமா?" என்றார்.

"சும்மா இல்ல அண்ணே. அவ கேக்கதக் கொடுங்க. பக்கத்துல இருங்க."

அவர் என்மேல் கோபப்பட்டார். நான் அவளைக் கைவிடச் சொல்வதாகத் திட்டினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாயா போட்டார். டெல்மா நான்கு மடக்குக் குடித்தாள். கடைசி இரண்டு வாரம் அந்த வீட்டில் யாரும் அவள் வாயில் எதையும் திணிக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அண்ணன் அடக்கத்தன்று சொன்னார். "இருவது வருஷத்துப் பேச்ச ரெண்டு வாரத்துல பேசினோம்" என்றார்.

டெல்மாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது உணவைப் பற்றிய அறிவு அல்ல. அது புத்தகத்திலும் இருக்கிறது. நேற்று சரியாக இருந்தது இன்றைக்குச் சரியில்லை என்றால், அதை நேற்று சொன்ன அதே வாயால் சொல்லும் தைரியம்தான் தங்கியிருக்கிறது. அது எனக்கு இயல்பாக வருவதில்லை.

அவள் போன மறுவாரம் வார்டில் ஒரு வயதான அம்மாள் கிடந்தார். எட்டு வருஷம் என்னிடம் டயாலிசிஸ் செய்துகொண்டவர். பக்கவாதம் வந்த பிறகு, இனி மிஷின் வேண்டாம் என்று அவரும் டாக்டரும் குடும்பமுமாக முடிவு செய்திருந்தார்கள். மகள் கஞ்சியை ஊட்டப் போராடிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன். "அம்மைக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றேன்.

மகள் குனிந்து கேட்டார். அம்மாள் வாய் கோணியபடி மெதுவாகச் சொன்னார், "ஒரு கிளாஸ் நிறைய வெள்ளம்."

உடம்பில் நீர் சேரும் என்று எட்டு வருஷமாக அவருக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லி அந்த மகளைத் திட்டியவள் நான். கூஜாவை எடுத்து, கிளாஸின் விளிம்புவரை நானே ஊற்றி, அவர் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுத்தேன்.