மிசின் களவும் தண்ணீர் முறையும்

நன்னடத்தை உத்தியோகத்தர் என்றால் வழி தவறிய பிள்ளையைத் திருத்துகிறவர் என்று ஊர் நம்புகிறது; உண்மையில் அது அந்தப் பிள்ளையின் தகப்பனைத் தேடிப் பிடிக்கிற வேலை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஸ்கூட்டர் ஓடி ஓடி முதுகு தேய்ந்த பிறகு சொல்கிறேன். வீட்டில் மீசை அரும்பின மகனை வைத்துக்கொண்டு அவனோடு என்னத்தைக் கதைப்பது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சிதான். ஆகவே, அச்சுவேலிப் பக்கத்துக் கஜனின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கண்ணிரண்டையும் விட்டுவிட்டு

கஜனுக்குப் பதினைந்து வயது. வெளியூர்ப் பொடியங்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, பக்கத்துத் தோட்டத்துப் பவளத்தின் தண்ணீர் இறைக்கிற மிசினைக் களவெடுத்துவிட்டான். மிசின் பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது, அதன் பின்னால் இவனும் அகப்பட்டான். இப்படி வருகிற பிள்ளையைப் பெற்றோரின் பொறுப்பில் வீட்டிலேயே விடலாம். பெற்றோரால் முடியாது என்று நீதிமன்றம் நினைத்தால் சான்றுபெற்ற பாடசாலை என்கிற சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம். அங்கே போனால் வருடக்கணக்கு. இரண்டில் எது என்பது பெரும்பாலும் தகப்பனும் தாயும் வந்து நிற்கிற விதத்தில் இருக்கிறது.

தகப்பன் சிவபாதம் வந்து நின்றார். சால்வையைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டி, நீதவானைப் பார்த்து, "ஐயா, கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தை நீங்கள் என்னெண்டாலும் செய்யுங்கோ" என்றார். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடும்போது வாத்தியாரிடம் சொல்கிற அதே வசனம். அங்கே அது மரியாதை. இங்கேயும் மரியாதை என்றுதான் மனுசன் நினைத்திருக்கிறார். குறுக்கிட்டு, அறிக்கை தருவதற்குத் தவணை கேட்டேன். நீதவான் தவணையைத் தந்துவிட்டுச் சிவபாதத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, இது பள்ளிக்கூடம் இல்லை. நீங்கள் தந்தால் நான் எடுக்கத்தான் வேணும்."

வீட்டுத் தபால்

அடுத்த கிழமை மூன்று பேரையும் என் கந்தோருக்குக் கூப்பிட்டேன். வாங்கில் நடுவில் தாய் யோகம்மா, இந்தப் பக்கம் தகப்பன், அந்தப் பக்கம் மகன். மகனிடம் நான் ஒரு கேள்வி கேட்டால் அவன் தாயைப் பார்த்துப் பதில் சொன்னான். தகப்பனிடம் கேட்டால் அவர், "அவனிட்டைச் சொல்லு" என்று தொடங்கித் தாயிடம் சொன்னார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தபால் கந்தோர். எனக்குக் கோபம் வந்தது. பயிற்சி வகுப்பில் படித்த எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சிவபாதத்துக்கு ஒப்புவித்தேன். மகனோடு நேரே கதைக்காத தகப்பனை நம்பி எந்த நீதவானும் பிள்ளையை விடமாட்டார் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

யோகம்மாவைத் தனியே பிடித்தேன். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லையாம், மகனுக்குக் குரல் உடைந்த நாளிலிருந்து இப்படித்தானாம். களவுக்குப் பிறகு தகப்பனின் தபால் எல்லாம் நெருப்பாக வருகிறதாம். "அந்தக் களவாணியைத் தின்னச் சொல்லு" என்று அவர் அடுப்படியில் சொன்னால், இவர் விறாந்தையில் போய், "அப்பா சாப்பிடக் கூப்பிடுறார் ராசா" என்பாராம். மகன், "அவரை முதல்ல வாயை மூடச் சொல்லுங்கோ" என்றால், "தம்பி பிறகு வாறானாம்" என்று அடுப்படிக்கு வருமாம். ஒரு குடும்பம் பிளக்காமல் இருக்க ஒரு மனுசி நாள் முழுக்க இப்படி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார், அதற்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. அவரோ வலு சாதாரணமாகச் சொன்னார்: "சொன்னதைச் சொன்னபடி சொன்னால் மிஸ், எங்கடை வீடு எப்பவோ ரெண்டாப் போயிருக்கும்."

மிசின் சத்தம்

அறிக்கைக்கு முன் வீட்டைப் பார்க்கவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விடியற்காலை போனேன். வீட்டில் ஒருவரும் இல்லை. தோட்டப் பக்கம் இறைப்பு மிசின் சத்தம் கேட்டது. செம்மண் ஒழுங்கையில் நடந்து போய்ப் பார்த்தால், பவளத்தின் தோட்டத்தில், பவளத்தின் மிசினுக்குப் பக்கத்தில் கஜன் குந்திக்கொண்டிருக்கிறான். வழக்கு முடியும்வரை என்று நீதிமன்றம் பிணையில் அவரிடம் திருப்பிக் கொடுத்திருந்த அதே மிசின். போச்சுது, இவன் திரும்பவும் கை வைத்துவிட்டான் என்று நினைத்து ஓடினேன். ஒரு செருப்பு வாய்க்காலில் போனது.

கிட்டப் போன பிறகுதான் மற்றவர்கள் கண்ணில் பட்டார்கள். சிவபாதம் சாரத்தை மடித்துக் கட்டி, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவில் மண்வெட்டியோடு தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அதை அடைத்து அடுத்ததைத் திறப்பதுதான் அந்த வேலை. பவளம் வரம்பில் இருந்தார். இறைப்பு என்பது இரண்டு ஆள் வேலை. மிசினடியில் நிற்கிறவனும் தண்ணீர் மாறுகிறவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வரம்பு உடைந்து பயிர் போய்விடும். நடுவில் யோகம்மா இல்லை, தபால் கொண்டுபோக ஆள் இல்லை. சிவபாதம் தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. "தம்பி, கொஞ்சம் குறைச்சு விடு. பாத்தி உடைக்குது."

படலையடியில்

இது எப்படி நடந்தது என்று பவளத்திடம்தான் கேட்டேன். அவர் கணவனை இழந்தவர், தனியே தோட்டம் செய்கிறவர். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாருக்கும் பங்குள்ள கிணறு ஒன்றுதான், இன்ன நாளில் இன்னார் இறைப்பது என்று முறை. மிசின் களவு போனதில் பவளத்தின் முறைகள் வீணாகி வெங்காயம் வாடிவிட்டது. முறை தவறினால் தவறினதுதான், அடுத்தவனின் தண்ணீரைக் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. அப்படியிருக்க, ஒரு பின்னேரம் சிவபாதம் மகனையும் கூட்டிக்கொண்டு பவளத்தின் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றாராம். உள்ளே வரச் சொல்லி இவர் கேட்கவில்லை, அவரும் வரவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. "நாளைக்கு என்ரை முறை. அதை நீ எடு, பிள்ளை. இறைக்கிறதுக்கு நாங்கள் ரெண்டு பேரும் வாறம்" என்று மட்டும் சொன்னாராம். அவருடைய புகையிலையும் அப்போது தண்ணீருக்குக் காய்ந்துகொண்டுதான் இருந்தது. தோட்டக்காரன் தன் முறையைக் கொடுப்பது என்ன என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதிலும் பெரிய மலைப்பு, பவளம் அந்த மிசினைத் தூக்கி இந்தப் பொடியனின் கையிலேயே கொடுத்தது. பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். பவளம் சிரிக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. "களவெடுத்தவனுக்குத்தான் மிஸ் அதின்ரை குணம் தெரியுது. என்ரை கைக்கு அது ஒருநாளும் ஒரே இழுவையில ஸ்டார்ட் ஆகினதில்லை."

வியாழக்கிழமைக்கு ஆள்

தவணை நாள் வந்தது. கண்டதை எல்லாம் அறிக்கையில் எழுதியிருந்தேன். நீதவான் வாசித்துவிட்டுச் சிவபாதத்தைக் கூப்பிட்டார். போன முறை மகனைத் தந்துவிட்டுப் போனீர்கள், இப்போதும் அதேதானா என்று கேட்டார். யோகம்மா பின்வரிசை வாங்கிலிருந்து பாதி எழும்பிவிட்டார், பழக்கதோசம், தபாலை எடுக்கத்தான். சிவபாதம் கையைக் காட்டி அவரை இருத்தினார்.

"இல்லை ஐயா. வியாழக்கிழமை எங்கடை தண்ணி முறை. மிசினடிக்கு ஆள் வேணும். இவன் எனக்கு வேணும்."

அவ்வளவுதான் அவர் பேசியது. பெரிய பெரிய சட்டத்தரணிகள் வாதாடிக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கஜன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். பிள்ளை வீட்டிலேயே பெற்றோர் பொறுப்பில், என் மேற்பார்வையில் இருக்கட்டும் என்று கட்டளை வந்தது. வெளியே வந்ததும் சிவபாதம் மகனைத் திரும்பிப் பார்த்து, "பசிக்குதோ?" என்றார். "ஓம் அப்பா" என்றான் அவன். இருவரும் முன்னால் நடந்து கடைக்குப் போனார்கள். யோகம்மா என் பக்கத்தில் நின்று அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ரை உத்தியோகத்தைப் பறிச்சுப்போட்டியள் மிஸ்."

இப்போது பெற்றோரை ஈடுபடுத்துவது எப்படி என்று பயிற்சி வகுப்புகளில் பேச என்னையே கூப்பிடுகிறார்கள், நானும் போய் நன்றாகத்தான் பேசுகிறேன், ஆனால் கிணற்றில் பங்கில்லாத வீடுகளில் என்ன செய்வது என்று யாராவது கேட்டால் உடனே தேநீர் இடைவேளை விட்டுவிடுகிறேன்.